புலிவண்டின் ஒரு காலிலிருந்து டிஎன்ஏ: இரு கரைகளை ஒப்பிடும் வேலை

சிசிண்டெலா டார்சாலிஸ் என்ற கடற்கரைப் புலிவண்டு அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் வாழ்கிறது. நடுவே ஃபுளோரிடா தீபகற்பம். இரு கரை வண்டுகளும் வெவ்வேறு மரபுக் கிளைகள் என்று வோக்லரும் டிசேலும் 1993இல் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை வைத்துக் காட்டினார்கள். அதே பிரிவு சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் 658 கார இணை (டிஎன்ஏ எழுத்து) நீளத் துண்டில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதே இந்த வேலை.

வடகிழக்குத் துணையினம் 1990 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. அதன் பக்கமே போகக்கூடாது. அட்லாண்டிக் கரையின் தெற்கத்திய மீடியா, வளைகுடாவின் சால்சி (saulcyi) ஆகிய இரு துணையினங்களும் போதும். அவற்றுக்கும் கடற்கரை நிர்வாகத்தின் அனுமதி வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு வண்டிலிருந்தும் ஒரு நடுக்காலை 95 சதவீத எத்தனாலில் போட்டுக் குளிரில் வைக்கவும். எத்தில் அசிட்டேட் புட்டியில் கொன்ற வண்டில் டிஎன்ஏ சிதைந்திருக்கும்.

எத்தனால் முழுக்க உலர்ந்தபின் 5 சதவீத செலெக்ஸ் (உலோக அயனிகளைப் பிடிக்கும் பிசின் மணிகள்) 150 மைக்ரோலிட்டர், புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே (மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம்) 5 மைக்ரோலிட்டர் சேர்த்து, 56 டிகிரியில் இரவு முழுக்க வைக்கவும். பிறகு 95 டிகிரியில் 10 நிமிடம். சுழற்றி, மேல்நீரை மட்டும் எடுக்கவும். ஒரு செலெக்ஸ் மணி உள்ளே போனாலும் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல நகல்களாகப் பெருக்கும் வினை) படுத்துவிடும்.

பிசிஆர் 25 மைக்ரோலிட்டர்: மாஸ்டர் மிக்ஸ் (நொதியும் பிற பொருள்களும் சேர்ந்த ஆயத்தக் கலவை) 12.5, பிரைமர்கள் என்ற தொடக்கத் துண்டுகள் (எல்சிஓ 1490, எச்சிஓ 2198, 10 மைக்ரோமோலார்) தலா 1, டிஎன்ஏ 2, தண்ணீர் 8.5. ஒட்டும் வெப்பநிலை 48 டிகிரி, 35 சுற்று. ஜெல்லில் ஓட்டிப் பார்த்து டிஎன்ஏ பட்டை வராவிட்டால் முதலில் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். டிஎன்ஏ சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்று ஒவ்வொரு முறையும் கட்டாயம்.

பெருக்கிய துண்டின் எழுத்து வரிசையைப் படிக்கும்போது அதிகம் ஏமாற்றுவது உட்கருவுக்குள் குடியேறிய மைட்டோகாண்ட்ரியா நகல். வரிசை வரைபடத்தில் இரட்டை முகடு, புரதமாக மாற்றும்போது நடுவில் ஸ்டாப் கோடான் (புரதத்தை நிறுத்தும் மூன்றெழுத்து) என்றால் அந்த வரிசையைத் தள்ளுங்கள். ஆனால் மென்பொருளில் முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியக் குறியீடு, அதாவது 5ஆம் அட்டவணை, தேர்ந்திருக்க வேண்டும். பொது அட்டவணையில் டிஜிஏ நிறுத்தம். இங்கே அது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். இதைக் கவனிக்காவிட்டால் நல்ல வரிசைகளே குப்பைக்குப் போகும்.

பாப்ஆர்ட் மென்பொருளில் ஹாப்லோடைப் வலை (வரிசை வகைகளுக்கிடையிலான உறவுப் படம்) போடுமுன் எல்லா வரிசைகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். சில வரிசைகள் குட்டையாக இருந்தால், அவற்றில் விடுபட்ட இடங்களை மென்பொருள் எல்லா வண்டுக்கும் சேர்த்தே ஒதுக்கிவிடும். கரைகளைப் பிரிக்கும் இடம் அதில் இருந்தால் போயிற்று.

சராசரி வேறுபாட்டைவிட, ஒரு கரையின் எல்லா வண்டிலும் ஒரு எழுத்தும் மறு கரையில் வேறு எழுத்தும் நிற்கும் இடங்களையே நான் நம்புவேன். கரைக்கு ஐந்து வண்டு மட்டும் பார்த்தால் அப்படியோர் இடம் தற்செயலாகவும் அமையும். சிஓஐ தாய்வழி மட்டுமே. ஆண் வண்டு பறந்து போய்க் கலந்தது இதில் பதியாது. அதனால் அடுத்து, அதே டிஎன்ஏவில் ஓர் உட்கரு மரபணு.