ஏற்காடு பஸ் ஓட்டிய அப்பாவும் வி.ஆர். கண்ணாடியும்

அப்பா சேலம்–ஏற்காடு வழித்தடத்தில் பஸ் ஓட்டியவர். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்குக் கைவந்த கலை. இப்போது பாத்ரூம் வாசலில் திரும்பும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. "சீக்கிரம் வாங்கப்பா" என்று அவசரப்படுத்தினால் இன்னும் மோசம்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். அதைச் சொன்னதும் எல்லோரும் கை நடுக்கத்தைத்தான் விசாரிக்கிறார்கள். அப்பாவுக்கு நடுக்கம் கம்மி, கால் இப்படி உறைந்து நிற்கிற ஃப்ரீஸிங்தான் தொல்லை. மூளையில் டோபமின் என்கிற ரசாயனம் குறைவதால், யோசிக்காமல் தானாக நடக்கிற நடை கெட்டுப்போகிறது. ஆனால் கண்ணெதிரே ஒரு குறி இருந்தால் மூளை வேறு வழியில் காலைத் தூக்கவைக்கும். சமதரையில் நின்றுவிடுகிறவர் மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறுவது அதனால்தான். "அண்ணன் நடிக்கிறாரோ?" என்று சித்தப்பா கேட்டேவிட்டார்!

ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பிசியோதெரபிக்குப் போகிறோம். அங்கே அப்பாவுக்கு வி.ஆர். ஹெட்செட் மாட்டினார்கள், கம்ப்யூட்டர் உருவாக்கிய காட்சியைக் கண்ணெதிரே நிஜம்போலக் காட்டுகிற கண்ணாடி. இடுப்பில் பெல்ட், அதைப் பிடித்தபடி பிசியோ பெண். அப்பா பார்ப்பது பக்கத்து டிவியில் எங்களுக்கும் தெரிந்தது: ஒரு தெரு, வழியில் மரக்கட்டை, தண்ணீர்க் குட்டை. வெறும் டைல்ஸ் தரையில் இல்லாத கட்டையை அப்பா தாண்டினார். முட்டி நன்றாக மடங்கியது, குதிகால் முதலில் ஊன்றியது. வீட்டில் தேய்த்துத் தேய்த்து நடக்கும் அதே கால்தான். "ஹாரன் எங்க கண்ணு?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

2016இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அடிக்கடி விழுகிற 302 முதியவர்கள், பார்க்கின்சன் உள்ளவர்களும் சேர்த்தி. வாரம் 3 முறை, 6 வாரம் டிரெட்மில் பயிற்சி. பாதிப்பேருக்கு அதோடு வி.ஆர். தடைகளும் உண்டு, அவர்கள்தான் அடுத்த 6 மாதத்தில் குறைவாக விழுந்தார்கள். அதில் ஹெட்செட்டே கிடையாது, எதிரேயிருந்த திரையில் தங்கள் காலைப் பார்த்தபடி நடந்தார்கள். ஆக, கண்ணாடி விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம். காலுக்கு ஒரு குறி, மனதுக்கு ஒரு வேலை, விழாமல் பிடிக்க ஓர் ஆள், இவைதான் விஷயம். வீட்டு ஹாலில் அடிக்கு அடி மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம். அப்பா அதற்கு ஸ்பீடு பிரேக்கர் என்று பெயர் வைத்துவிட்டார்.

நோய் இதனால் குணமாகாது, மாத்திரையும் நிற்காது. சிலருக்குக் கண்ணாடி மாட்டினால் தலைசுற்றும். அப்புறம், மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம் பார்த்து அழைத்துப் போங்கள். அது தவறினால் கால் அசையாது, ஆட்டோ காசுதான் தண்டம்.