ஒரு பாத்ரூமுக்குத்தான் பர்மிட் கேட்டோம்

எங்கள் வீடு கலிபோர்னியாவில், சான்டா கிளாரா கவுண்டியில் இருக்கிறது. 1976-இல் கட்டியது. ஹாலை ஒட்டிய பாத்ரூமில் டைல்ஸ் பெயர்ந்து, பின்னால் சுவர் ஊறிப்போயிருந்தது. இடித்துக் கட்டிவிடலாம் என்று 2022-இல் இறங்கினோம். காண்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட்டில் அந்த ஒரு பாத்ரூம் மட்டும்தான். பர்மிட்டோடு ஒரு படிவமும் வந்தது. வீட்டிலுள்ள எல்லா டாய்லெட், ஷவர், குழாய்களும் தண்ணீர்ச் சிக்கன விதிப்படி இருக்கின்றன என்று உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டுமாம். 'எல்லா' என்ற சொல் அன்று என் கண்ணில் படவே இல்லை. காண்ட்ராக்டரும் வாயைத் திறக்கவில்லை.

பாதி வேலை முடிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எஸ்பி 407 என்று 2009-இல் வந்த கலிபோர்னியா மாநிலச் சட்டம். 1994 ஜனவரி 1 வரை கட்டி முடித்த கட்டடங்களுக்குப் பொருந்தும். தனி வீட்டில் மராமத்துக்குப் பர்மிட் வாங்கினால், வீட்டில் எந்த மூலையில் தண்ணீரை அதிகம் விடும் பழைய டாய்லெட்டோ ஷவரோ குழாயோ இருந்தாலும் அதை மாற்றினால்தான் இன்ஸ்பெக்டரின் கடைசிக் கையெழுத்து விழும். இது 2014 முதல் நடைமுறை. 2017-இலிருந்து பர்மிட் வாங்காத தனி வீடுகளும் மாற்றியிருக்க வேண்டும் என்பதே சட்டம். வீட்டை விற்கிறவர் இதை வாங்குகிறவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நாங்கள் வாங்கியது அதற்கு முன்னால். அதனால் யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தலை சுற்றியது ஓரிடத்தில்தான். இருப்பதற்கு ஓர் அளவு, புதிதாகப் போடுவதற்கு வேறோர் அளவு. ஏற்கெனவே இருக்கும் டாய்லெட் ஒரு ஃப்ளஷுக்கு 1.6 கேலன், அதாவது ஆறு லிட்டர், அதற்கு மேல் போகாவிட்டால் விட்டுவிடலாம். ஷவருக்கு நிமிடத்துக்கு 2.5 கேலன், குழாய்க்கு 2.2. ஆனால் புதிதாக வாங்கினால் டாய்லெட் 1.28, ஷவர் 1.8, வாஷ்பேசின் குழாய் 1.2, சமையலறைக் குழாய் 1.8. இரண்டையும் குழப்பிக்கொண்டு, மாற்றத் தேவையில்லாத சமையலறைக் குழாய்க்கு ஆர்டர் போட்டு, பிறகு ரத்து செய்தேன். அதன் நுனியிலிருக்கும் வலையைக் கழற்றிப் பார்த்தால் விளிம்பில் 2.2 என்று பொடி எழுத்தில் இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில்தான் படிக்க முடிந்தது.

எண் தேய்ந்துபோன ஷவருக்கு ஒரு கேலன் பால் கேன் போதும். முழுதாகத் திறந்து கேனைப் பிடித்தால் 24 விநாடிக்கு முன்பே நிரம்பக் கூடாது. எங்கள் படுக்கையறை பாத்ரூம் ஷவர் 15 விநாடியில் நிரப்பிவிட்டது.

அதே பாத்ரூமின் டாய்லெட்டில் எண்ணே இல்லை. தொட்டி மூடியைத் திருப்பினால் உள்பக்கம் 1976 என்று வருடம் மட்டும் அச்சாகியிருந்தது. தண்ணீரை அடைத்துவிட்டு ஒரு ஃப்ளஷ் விட்டேன். வாளியால் அளந்து ஊற்றித் தொட்டியைப் பழைய மட்டத்துக்கு நிரப்பினால் கிட்டத்தட்ட 19 லிட்டர். அப்போது சென்னையிலிருந்து வந்திருந்த அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டி, ஒரு தடவைக்கு ஒரு குடமா?" என்றார். லாரித் தண்ணிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர் அவர்.

சரி, புதுசு வாங்கிவிடலாம் என்று போனால் அங்கேயும் ஒரு கோளாறு. சுவரிலிருந்து டாய்லெட்டின் தரை போல்ட் வரை பெரும்பாலான வீடுகளில் 12 அங்குலம். இந்த பாத்ரூமில் 10. அளக்காமல் வாங்கி வந்து, கணவரும் நானும் அதை மறுபடி காரில் ஏற்றித் திருப்பிக் கொடுத்தோம். அளக்கும்போது சுவரின் அடிப்பட்டையிலிருந்து அளக்காதீர்கள், சுவரிலிருந்தே அளக்க வேண்டும். 1.28 கேலன், அதாவது 4.8 லிட்டரில் சரியாகப் போகுமா என்ற பயமும் இருந்தது. மேப் என்றொரு சோதனை இருக்கிறது. சோயா விழுதைப் போட்டு ஃப்ளஷ் பண்ணி, எத்தனை கிராம் வரை தள்ளுகிறது என்று பார்க்கிறார்கள். உச்சம் 1000. அந்த எண்ணைப் பார்த்து வாங்கினோம், இதுவரை அடைக்கவில்லை.

ஹால் பாத்ரூமுக்குக் கணவர் ஆசைப்பட்டது மேலே ஒரு மழை ஷவர், கூடவே கையில் பிடிக்கும் ஷவர். இரண்டும் சேர்ந்து ஓடினாலும் மொத்தம் 1.8 தாண்டக் கூடாது. இல்லாவிட்டால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓட வேண்டும். திருப்பிவிடும் வால்வு வைத்துத் தீர்த்தோம். அவர் முதலில் தேர்ந்தெடுத்திருந்த 2.5 ஷவரைக் கலிபோர்னியா முகவரிக்கு அனுப்ப முடியாது என்று வலைத்தளமே சொல்லிவிட்டது. டல்லாஸில் இருக்கும் கொழுந்தனார், "எங்க வீட்டுக்கு வரவழைச்சு எடுத்துட்டு வர்றேன் அண்ணி" என்றார். வேண்டாம் என்றேன். படிவத்தில் இருப்பது என் கையெழுத்து.

புது டாய்லெட் இரண்டாம் நாளே ராத்திரி தானாகச் சளசளத்தது. தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போட்டேன். கால் மணி நேரத்தில் கீழே தண்ணீர் ஆரஞ்சாகிவிட்டது. சங்கிலி நீளமாக இருந்து, ரப்பர் மூடிக்கு அடியில் மாட்டியிருந்தது. இரண்டு கண்ணி குறைத்து மாட்டியதும் நின்றது.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஷவரின் அடியில் இருந்த 1.8-ஐப் படித்தார், படுக்கையறை பாத்ரூமுக்கும் நடந்துபோய் ஒரு ஃப்ளஷ் விட்டுப் பார்த்தார். தண்ணீர் விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு படுக்கையறையில் புகை அலாரம் இல்லை என்று கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். பர்மிட் வாங்கினால் அதுவும் வீடு முழுக்கச் சரியாக இருக்க வேண்டுமாம். அடுத்த வாரம் மறுபடி வந்துதான் கையெழுத்துப் போட்டார்.

அம்மா அந்த ஷவர் பக்கமே போகவில்லை. குளியல் தொட்டியை நிரப்பும் குழாய்க்கு இந்த அளவெல்லாம் கிடையாது, அது தடதடவென்று கொட்டும். அதன் அடியில் வாளியை வைத்துப் பிடித்து, சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டு, ஒரு வாளியோடு குளியலை முடித்துவிட்டு வருவார்.