மாட்டுப் புண்ணில் புழு வைத்தபோது

மானூர் பக்கம் எங்கள் ஊர். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நேரத்தில் மேயப்போன செவலைப் பசு, முள்கம்பி வேலியில் தொடையைக் கிழித்துக்கொண்டு வந்தது. தொழுவுக்கு வரும்போதே ஈ மொய்த்தது. மறுநாள் புண்ணிலிருந்து ரத்தம் கலந்த நீர் வடிந்தது, கூடவே ஒரு கெட்ட வாடை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக நெளிகிறது.

"பெட்ரோலை ஊத்துடே, எல்லாம் செத்து விழுந்துரும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. புழு சாகும், சரி. நல்ல சதையும் சேர்ந்தல்லவா வெந்துபோகும்? கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார். புழு வைத்த புண்ணைத் தைத்து மூடக்கூடாது, திறந்தபடியேதான் ஆறவேண்டும் என்று சொல்லிவிட்டார். மேல்பூச்சு எங்கள் பாடு.

கற்பூரத்தைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் கரைத்து, துணியில் நனைத்துப் புண்ணுக்குள் வைத்தோம். இந்தப் புழு தலையைச் சதைக்குள் புதைத்து வாலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; மூச்சுவிடுவது வால் பக்கமாகத்தான். அங்கே எண்ணெய் அடைத்ததும் திணறி மேலே வருகிறது, இடுக்கியால் எடுத்துவிடலாம். பெரியப்பா மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தும் எனக்கு ஒரு உதை விழுந்தது. கற்பூரம் இல்லாவிட்டால் சீத்தா இலையை அரைத்து வைப்பார்கள். அதுவும் புழு இருக்கும் முதல் நாளோடு சரி.

அப்புறம்தான் ஆற்றுகிற மருந்து. கால்நடைப் பல்கலைக்கழகத்தார் சொல்லிக்கொடுக்கும் பக்குவம்தான்: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம். அரைத்து அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்ச வேண்டும், நல்லெண்ணெயும் ஆகும். குப்பைமேனிக்கு அலைய வேண்டியதில்லை, மழைக்கு வாய்க்கால் ஓரமெல்லாம் முளைத்துக் கிடந்தது. விழுதில் ஈரம் இருக்கிறவரை சடசடவென்று தெறிக்கும். சத்தம் அடங்கினால் இறக்கிவிடலாம். நன்றாக ஆறவிட்டுத்தான் பூசவேண்டும்.

காலையிலும் சாயங்காலமும் உப்பு போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுப் பூசினோம். ஈரத்தின் மேல் எண்ணெய் வைத்தால் வழிந்து ஓடிவிடும். ஓரத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டுவதில்லை. ஈயைவிடப் பெரிய இம்சை காக்கா. மாடு படுத்ததும் வந்து புண்ணைக் கொத்தும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து எண்ணெயில் நனைத்துக் கட்டிய பிறகுதான் அந்தத் தொல்லை விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்த சதை அடியிலிருந்து ஏறி, ஓரத்துத் தோல் உள்ளே கூடிவந்தது. முடி முளைக்கத்தான் ரொம்ப நாளானது.

மீந்த எண்ணெயைத் தெருவில் ஆளாளுக்கு வாங்கிப்போனார்கள். நாய் கடித்த ஆட்டுக்குக் கேட்டு வந்தவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. அது வெறிநோய் விவகாரம். கடிவாயைச் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்கு ஓட்டிக்கொண்டு போகச் சொன்னேன்.