ஜப்பானுக்குத் தும்புத்தடி காட்டினோம்

கொழும்பு வெள்ளவத்தையில் எட்டாம் தரத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை எங்கள் வகுப்பு ஜப்பானில் ஒரு வகுப்போடு ஸூமில் பேசியது. நமக்குக் காலை 9.30 என்றால் அங்கே பகல் 1 மணி. இது பெரிய வசதி. இங்கிலாந்துப் பிள்ளைகள் முதல் பாடத்துக்கு உட்காரும்போது நம் பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள்.

இணைப்பு இரண்டு தடவை அறுந்தது. கடைசியில் என் போன் டேட்டாவில்தான் சமாளித்தோம். தயாரித்து வைத்த கேள்விகள் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிட்டன. அப்புறம் அங்கிருந்த பிள்ளைகள் எழுந்து, ஈரத்துணியால் தரையைத் துடைக்கத் தொடங்கினார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் மாணவர்களே வகுப்பைச் சுத்தம் செய்வது வழக்கம். எங்கள் வகுப்பில் பின்வாங்கில் வாயே திறக்காத பிள்ளை ஒருத்தி, மூலையிலிருந்த தரை கூட்டும் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு கமராவுக்கு முன்னால் ஓடிவந்து, "வீ ஆல்சோ!" என்றாள்.

இது எதில் செய்தது என்று ஜப்பான் பிள்ளைகள் கேட்டார்கள். தேங்காய் மட்டைக்கு ஆங்கிலச் சொல் தேடி வகுப்பே அகராதியைப் புரட்டியது. நான் வேண்டுமென்றே சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தப் பாடப்புத்தகமும் அவர்களை அப்படித் தேட வைத்ததில்லை.

1988இல் நியூயோர்க், மொஸ்கோ பள்ளிகளை இணைத்துத் தொடங்கிய ஐ-ஏர்ன் வலையமைப்பில் பொம்மைக் கரடித் திட்டம் ஒன்று உண்டு. இரு வகுப்புகள் பொம்மைகளைத் தபாலில் மாற்றிக்கொண்டு, பொம்மையே எழுதுவதுபோல நாட்குறிப்பு அனுப்பும். அடுத்த தவணை நாங்களும் அப்படிச் செய்யப்போகிறோம், கரடிக்குப் பதில் யானையோடு. சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போய் வாங்கவேண்டும்.