சஃபோக் கடற்கரையை டிரேசிங் தாளில் வரைகிறேன்: டன்விச் முடிந்தது

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சஃபோக் கவுண்டியின் கரையைக் கையால் வரைந்து வருகிறேன். அடியில் இன்றைய வரைபடம், அதன்மேல் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு டிரேசிங் தாள். டன்விச் பகுதி முடிந்துவிட்டது. ஆர்ஃபோர்டு பாதியில் நிற்கிறது.

இன்றைய கரையை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடத்திலிருந்து எடுத்தேன். 19ஆம் நூற்றாண்டுக்கு, பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆறு அங்குல வரைபடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவு, அதனால் வேலி, பாதை எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது.

பழைய தாளுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. ரால்ஃப் அகாஸ் என்ற நில அளவையாளர் 1587இல் டன்விச்சை வரைந்திருக்கிறார். அதை இன்றைய அளவோடு பொருத்த, இரண்டிலும் இருக்கும் இடங்கள் வேண்டும். கிரேஃப்ரையர்ஸ் மடத்தின் மதில் இன்னும் நிற்கிறது. ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் இன்று இல்லை, ஆனால் ஆர்ட்னன்ஸ் சர்வே தாளில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததும் தெருக்கள் ஓரளவு தாமாகவே இடத்தில் உட்கார்ந்தன. அந்தத் தேவாலயம் 1904இல் சரியத் தொடங்கி, 1919இல் கோபுரமும் கடலில் விழுந்தது.

டன்விச்சைக் கடல் விழுங்கிய ஊர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வரைந்த பிறகு எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. டூம்ஸ்டே என்ற 1086ஆம் ஆண்டின் அரசு நில, சொத்துக் கணக்கில் 68,000 ஹெர்ரிங் மீன் செலுத்திய ஊர் இது. 1286 புயல் பெரிய அடி. ஆனாலும் 1328 புயல்தான் கதையை முடித்தது என்பேன். அதில் கூழாங்கல் குவிந்து துறைமுக வாய் தூர்ந்தது. ஆறு வடக்கே வேறு முகத்துவாரம் தேடிக்கொண்டது. கப்பல் வராத ஊரில் காசு ஏது? கரையைக் காக்க யார் செலவழிப்பார்கள்? வீடுகள் அதன்பின் நூற்றாண்டுக் கணக்கில் ஒவ்வொன்றாகப் போயின. இதில் மனதை உறுத்துவது ஒன்று: ஊர் கிட்டத்தட்ட இல்லாமல் போன பிறகும் 1832 வரை அது நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது.

ஆர்ஃபோர்டிலும் கூழாங்கல்லின் வேலைதான். ஆல்ட் ஆறு ஸ்லாடன் என்ற இடத்தில் கடலை ஏறக்குறையத் தொட்டுவிடுகிறது. அப்புறம் தெற்கே திரும்பி, கூழாங்கல் திட்டுக்குப் பின்னால் 16 கிலோமீட்டர் போல ஓடித்தான் கடலில் சேர்கிறது. மன்னர் இரண்டாம் ஹென்றி 1165 முதல் 1173 வரை இங்கே கோட்டை கட்டியபோது ஊர் துறைமுகமாக இருந்தது. திட்டு நீள நீள, துறைமுகம் சுருங்கியது. திட்டை 0.1 என்ற மெல்லிய முனைப் பேனாவால் புள்ளி புள்ளியாகவே வைக்கிறேன். கை வலித்தாலும், கோடு போட்டால் கல்லின் தன்மை வராது. திட்டின்மேல் இருந்த 1792ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தை, அரிப்பு நெருங்கியதால் 2020இல் பிரித்துவிட்டார்கள். இன்றைய தாளில் அந்த இடத்தில் ஒரு வெற்று வட்டம் மட்டும்.

டன்விச்சுக்குத் தெற்கே மின்ஸ்மியர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் இறங்காமலிருக்க வேண்டுமென்றே அங்கே வெள்ளம் விட்டார்கள். அந்தச் சதுப்பில்தான், பிரிட்டனில் கூடு கட்டுவதையே விட்டிருந்த கோணமூக்கு உள்ளான் 1947இல் திரும்பி வந்து குஞ்சு பொரித்தது. குளிர்காலத்தில் நம் பழவேற்காட்டில் பார்க்கிற அதே இனம்! மின்ஸ்மியரைத் தாண்டினால் சைஸ்வெல் அணுமின் நிலையம். 1995 முதல் மின்சாரம் தரும் பி உலையின் வெள்ளைக் குவிமாடம், பக்கத்திலேயே சி உலையின் கட்டுமானம். இப்படி நகரும் கரையில் இத்தனை பெரிய வேலையா என்று கவலையாகத்தான் இருக்கிறது.

டன்விச்சுக்கு இன்னொரு நீலத் தாளும் சேர்க்கப் போகிறேன். சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தினர் சோனார் என்ற ஒலியலைக் கருவி கொண்டு கடலடியில் கண்ட தேவாலய இடிபாடுகள் அதில் வரும். அடுத்தது ஃபெலிக்ஸ்டோ, பிரிட்டனின் மிகப் பெரிய கன்டெய்னர் துறைமுகம். அங்கே ஆர்வெல் கழிமுகத்தைத் தூர்த்துக் கப்பல் தளம் கட்டியிருக்கிறார்கள். அதனால் டன்விச்சில் போல 1587 கரை வெளியே, இன்றைய கரை உள்ளே என்று வராது, வரிசை தலைகீழாகும். அதற்கேற்ப மை நிறங்களை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.