பதினைந்து மீட்டர்

கடலுக்கடியில், நான் வழிகாட்டிக் கூட்டிவந்த முக்குளிப்பாளர் இன்னும் இறங்கலாம் என்று கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். நான் உள்ளங்கையை விரித்து, இதே ஆழத்தில் நில்லுங்கள் என்றேன். மறுபடியும் காட்டினார். மறுபடியும் மறுத்தேன். இரண்டு கோடைகள் போய்விட்டன. அந்தக் கை இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

அட்லாண்டிக்கின் அசோர்ஸ் தீவுகளுக்கு அப்பால் கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் மலையான பிரின்சஸ் ஆலிஸ் திட்டுக்காக அவர் வந்தது அது மூன்றாவது முறை. முந்தைய இரண்டு ஆண்டுகளும் காற்று விடவில்லை. ஹொர்ட்டா துறைமுகத்தில் காத்திருந்துவிட்டு ஊர் திரும்பினார். அன்று மூன்று மணி நேரப் படகுப் பயணம் முழுவதும் அந்த மலையைப் பற்றியே பேசிவந்தார். 1896-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆய்வுப் பயணத்தில் கண்டறியப்பட்டு அவருடைய கப்பலின் பெயரையே பெற்றது என்பதை எனக்குச் சொன்னவரும் அவர்தான். அங்கே பலமுறை முக்குளித்திருந்த எனக்கு அது தெரியாது.

நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி 20 மீட்டருக்குள் நிற்பதுதான் அங்கே வழக்கம். கொம்புத்திருக்கைகள் அங்கேயே வரும். அன்றும் வந்தன, ஒட்டுமீன்களைச் சுமந்துகொண்டு, எங்களைச் சுற்றிச் சுற்றி. அந்தத் திட்டில் அடையாளக் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, இதே திருக்கைகள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஆழம்வரை இறங்குவது தெரியவந்தது. அவற்றின் நடுவே, 19 மீட்டரில், அவர் கேட்டது இன்னும் பதினைந்து மீட்டர் சொச்சம்தான். 35 மீட்டரில் மலையின் உச்சி. தெளிந்த நீரில் பாறை கண்ணுக்குத் தெரிந்தது. தொட்டுவிட்டு வருகிறேன் என்றார், அவ்வளவுதான். அனுபவசாலிகள் வழிகாட்டியின் சம்மதத்தோடு இறங்கலாம் என்று படகில் சொன்னதும் நான்தான்.

அவருடைய சிலிண்டரில் மிச்சமிருந்த காற்றின் அழுத்தம் மானியில் 110 பார் காட்டியது. 35 மீட்டரில் அழுத்தம் நாலரை மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவர் அங்கே 90 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் சிலிண்டரில் அது நிமிடத்துக்கு ஏழரை பார். நான்கு நிமிடத்துக்கு 30 பார். போய்வரத் தாராளமாகப் போதும்.

என்னிடம் 70 பார்தான் இருந்தது.

காலையில் சிலிண்டரைப் பூட்டும்போதே 170 காட்டியது. நிறைந்த சிலிண்டர் பக்கத்திலேயே இருந்தது. 20 மீட்டருக்கு இது போதும் என்று மாற்றாமல் விட்டேன். உச்சியில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் காற்றில் இருவரும் மேலே வந்திருக்க வேண்டும். பதற்றத்தில் மூச்சு இரட்டிப்பாகும், 70 பார் கரைந்துவிடும். ஆகவே மறுத்தது சரி. இன்றும் மறுப்பேன். முக்குளிப்பில் பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருப்பது மூன்று மணி நேரத்துக்கு அப்பால், கரையில்.

ஆனால் நிறைந்த சிலிண்டரோடு இறங்கியிருந்தால் அழைத்துப் போயிருப்பேனே. இந்த ஒரு வாக்கியத்தை என்னால் தாண்ட முடியவில்லை. மறுத்தது அவர் பாதுகாப்புக்காக. மறுக்க வேண்டிவந்தது என் சோம்பலால். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கலாமா என்பதுதான் கேள்வி.

படகில் ஏறியதும் அவர் கோபப்படவில்லை. கால் துடுப்புகளைக் கழற்றியபடி, “நீரோட்டம் காரணமா?” என்று கேட்டார்.

“ஆமாம்” என்றேன்.

இறங்கும்போது நீரோட்டம் கடுமையாகத்தான் இருந்தது. அவர் விரலைக் காட்டிய நேரத்தில் முற்றிலும் தணிந்திருந்தது. எங்கள் குமிழிகள் நேராக மேலேறியதை நான் பார்த்தேன், அவரும் பார்த்திருப்பார். அப்படியானால் ஏன் அப்படிக் கேட்டார்? என் மானியைக் கவனித்துவிட்டு எனக்குத் தப்பிக்க வழி விட்டாரா? அல்லது என்னை முழுவதும் நம்பிக் கேட்டாரா? முதலாவது என்றால் வெட்கம். இரண்டாவது என்றால் அதைவிட மோசம். அடுத்த முழுக்கில் கூட்டிப் போகிறேன் என்றாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் காற்று ஏறிவிட்டது. படகோட்டி அடுத்த முழுக்கை ரத்து செய்துவிட்டார்.

திரும்பும் வழியில் மூன்று மணி நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் முன்னால் வேண்டாம், கரையில் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஹொர்ட்டாவில் அவர் தம் முழுக்குப் பதிவேட்டை எடுத்தார். ஆழம்: 19 மீட்டர். குறிப்பு என்ற இடத்தில், உச்சிக்குப் போகவில்லை, நீரோட்டம் என்று எழுதினார். வழிகாட்டியின் கையொப்பத்துக்கான கோட்டின்மேல் பேனாவை வைத்து என்னிடம் நீட்டினார்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.