மச்சாளின் சம்பளத் துண்டு

நேற்று மச்சாள் சம்பளத் துண்டோடு வந்தாள். திருகோணமலை டவுனில் ஒரு புடவைக் கடையில் ஆறு வருசமாக நிற்கிறாள். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கென்று (EPF) மாதம் 8 வீதம் வெட்டுகிறார்கள், சரி. முதலாளி தன் பங்குக்கு 12 வீதம் போட வேண்டுமே? கேட்டதற்கு, "சின்னக் கடைக்கு அதெல்லாம் இல்லை பிள்ளை" என்றாராம். ஒரே ஒருவர் வேலை செய்தாலும் உண்டு! 1958ஆம் ஆண்டுச் சட்டம், முதலாளிக்கே அவ்வளவு வயது இராது. அப்போ வெட்டிய 8 வீதம் எங்கே போகிறது? ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) என்று இன்னொன்றும் இருக்கிறது, அந்த 3 வீதம் முழுக்க முதலாளியின் காசு. இவளுக்கு அதையும் சம்பளத்தில் கழித்திருக்கிறார்கள்.

முறையிட்டால் வேலை போய்விடும் என்று அவளுக்குப் பயம். திங்கட்கிழமை தொழில் திணைக்களத்துக்கு நானே கூட்டிப் போகிறேன். நல்லகாலம், பழைய துண்டுகளை எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறாள்.